இது என்ன பூச்சி? – அண்மைப் படத்தை வைத்துப் பெயர் சொல்வது பற்றி

கீழ்வீட்டு அக்கா வாரத்துக்கு ஒரு படமாவது வாட்ஸப்பில் அனுப்புவார். படத்துக்குக் கீழே எப்போதும் ஒரே வரிதான். "தம்பி, இது என்ன பூச்சி? மருந்து அடிச்சிரலாமா?"

நான் பூச்சிப் படம் எடுக்கிறவன் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சில வருடங்களாக மொட்டை மாடித் தொட்டிகளுக்கு நடுவே கேமராவோடு குனிந்து கிடப்பவனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள்? நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் அந்த ஒற்றை வரியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்பது எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது. முதல் கேள்வி பெயர். இரண்டாவது, இதைக் கொல்லலாமா என்பது. நான் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் சொன்ன பெயரை வைத்துத்தான் அங்கே இரண்டாவது கேள்வி முடிவாகிக்கொண்டிருந்தது. இந்தப் பதிவு அதைப் பற்றியது. படம் எடுப்பவர்களையும், படம் பார்த்துப் பெயர் சொல்பவர்களையும் கொஞ்சம் விமர்சித்து எழுதப்போகிறேன். இரண்டு கூட்டத்திலும் நான் இருக்கிறேன், அதனால் முதல் குட்டு எனக்கே.

செம்பருத்தியில் நடந்தது

ஒருநாள் அக்கா செம்பருத்திக் கிளை ஒன்றின் படம் அனுப்பினார். கிளை நுனி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தது. அதில் பெரிதாக இருந்த ஒன்றை மட்டும் கிட்டத்தில் எடுத்து இன்னொரு படமும் அனுப்பியிருந்தார். நல்ல படம். உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மெழுகு இழைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். நான் ஒரு பார்வை பார்த்தேன். ஒரு செயலியில் போட்டும் பார்த்தேன். அதுவும் நான் நினைத்ததையே சொன்னது. உடனே பதில் போட்டேன்: "மாவுப்பூச்சி அக்கா. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும் கலந்து அடிங்க. பெருசா இருக்கறத எல்லாம் பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துருங்க."

அக்கா சொன்னதைச் சுத்தமாகச் செய்கிறவர். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, பெரிய வெள்ளைகளை ஒன்று விடாமல் தேய்த்து எடுத்துவிட்டார். மூன்று வாரத்தில் மாவுப்பூச்சி முன்பைவிட அதிகமாகத் திரும்ப வந்தது.

நேரில் போய்ப் பார்த்தேன். பிரஷ்ஷுக்குத் தப்பிய பெரிய வெள்ளை ஒன்று கிளையில் நடந்துகொண்டிருந்தது. நடந்தது என்றால், நன்றாகவே வேகமாக. மாவுப்பூச்சி அப்படி நடக்காது. லென்ஸை வைத்துப் பார்த்தால், அது ஒரு சின்ன மாவுப்பூச்சியைக் கவ்வித் தின்றுகொண்டிருந்தது. கிளையோடு வெட்டி ஒரு பாட்டிலில் போட்டு வைத்தேன். கூட்டுப்புழுவாகி, கொஞ்ச நாள் கழித்து வெளியே வந்தது ஒரு குட்டிப் பொறிவண்டு. உடம்பு கறுப்பு, தலைப்பக்கம் ஆரஞ்சு. கிரிப்டோலீமஸ் மாண்ட்ரூசியரி. மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு. இன்றைக்கும் அதை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கி விட வேண்டியதை அக்கா வீட்டுச் செடி இலவசமாக வைத்திருந்தது. நான் அதைத் தேய்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னபோது அக்கா கோபப்படவில்லை. "அப்போ நான் நம்மாளயே கொன்னுட்டேனா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

படம் நன்றாக இருந்தது. அதுதான் சிக்கல்

அன்றைக்கு இரவு அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். படம் மங்கலாக இருந்திருந்தால் நான் "சரியா தெரியல அக்கா" என்று சொல்லியிருப்பேன். தெளிவாக இருந்ததால்தான் துணிந்து பெயர் சொன்னேன். தெளிவு வேறு, ஆதாரம் வேறு என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அந்தப் படத்தில் என்னவெல்லாம் இல்லை என்று பாருங்கள்.

முதலில், அளவு இல்லை. வளர்ந்த மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும். இந்த வண்டின் புழு முழுசாக வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். மூன்று மடங்கு வித்தியாசம், கண்ணால் நேரில் பார்த்தால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் கிட்டத்தில் எடுத்த படத்தில் இரண்டுமே சட்டத்தை நிறைத்துக்கொண்டு ஒரே அளவில் நிற்கும். அடுத்து, அசைவு இல்லை. புழு ஓடும், மாவுப்பூச்சி கிட்டத்தட்ட அசையாது. நிழற்படத்தில் எல்லாமே அசையாது. மூன்றாவது, அடிப்பக்கம் இல்லை. கால், வாய் எதுவும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் மேலே இருந்த மெழுகு. அந்த மெழுகோ போர்வை மாதிரி. யார் வேண்டுமானாலும் போர்த்திக்கொள்ளலாம். ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்று ஒரு சின்ன பட்டாம்பூச்சி இருக்கிறது. அதன் புழு இலை தின்னாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். அதுவும் மேலெல்லாம் வெள்ளைமாவு பூசிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள்ளேயே படுத்திருக்கும். ஆக ஒரே கிளையில், ஒரே வெள்ளையில், தின்னும் ஆளும் தின்னப்படும் ஆளும் சேர்ந்தே இருக்கலாம். நான் போர்வையைப் பார்த்துவிட்டு ஆளைச் சொன்னேன்.

முகம் எடுக்கும் பழக்கம்

அண்மைப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு பொதுவான பழக்கம் உண்டு. எனக்கும் உண்டு. பூச்சியை மனிதர்போல் நினைத்து முகத்தைத்தான் எடுப்போம். கண் துல்லியமாக இருக்க வேண்டும், பின்னணி கறுப்பாகவோ ஒரே பச்சையாகவோ கரைந்துபோக வேண்டும். இலை, தண்டு, பக்கத்தில் இருக்கும் மற்ற பூச்சிகள் எல்லாம் 'குப்பை'. வெட்டி எறிந்துவிடுவோம். சிலர் பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மந்தமாக்கி, தண்ணீர் தெளித்து, அழகான பூவில் உட்காரவைத்தும் எடுக்கிறார்கள். படம் பிரமாதமாக வரும், லைக்கும் விழும். ஆனால் அந்தப் பூச்சி அந்தப் பூவில் வாழ்கிறதா என்று கேட்டால் படம் பொய் சொல்லும்.

இதில் ஒளியியல் கட்டாயமும் ஒன்று இருக்கிறது. சென்சாரில் விழும் உருவம் பூச்சியின் நிஜ அளவிலேயே இருக்கும்படி எடுத்தால், முன்னும் பின்னுமாகத் துல்லியமாகத் தெரியும் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கண்ணை ஃபோகஸ் செய்தால் இறக்கை மங்கிவிடும். இறக்கையைப் பிடித்தால் கண் போய்விடும். ஆகவே ஒவ்வொரு படமும் ஒரு தேர்வு. பூச்சியின் எந்த உறுப்பைச் சாட்சிக்கு அழைப்பது என்று நாம் தேர்ந்தெடுக்கிறோம். முகம் எப்போதும் நல்ல சாட்சியா? இல்லை. பூச்சிக்குப் பூச்சி மாறும்.

சிலந்திகளை எடுத்துக்கொள்வோம். இங்கே முகம் ஓரளவு கைகொடுக்கும். எட்டுக் கண் உள்ள சிலந்திகளில் அந்தக் கண்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை வைத்துப் பல குடும்பங்களைப் பிரித்துவிடலாம். முன்னால் கார் விளக்கு மாதிரி இரண்டு பெரிய கண் இருந்தால் குதிக்கும் சிலந்தி. கீழே வரிசையாக நான்கு சின்னக் கண், அதற்குமேல் இரண்டு பெரிய கண், தலைமேல் பின்னுக்குத் தள்ளி இன்னும் இரண்டு என்றால் தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்தி. ஆறு கண் அறுகோணம் போட்டதுபோல் இருந்து, அதற்குக் கீழே பொடியாக இரண்டு இருந்து, காலெல்லாம் முள்ளாக இருந்தால் செடிமேல் துள்ளி இரை பிடிக்கும் ஆக்சியோபிடே குடும்பம். இதுவரை முகப்படம் போதும்.

அதற்கு மேலே போக முடியாது. எந்தச் சிற்றினம் என்று உறுதியாகச் சொல்ல, பெரும்பாலான சிலந்திகளில் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தாக வேண்டும். பெண்ணுக்கு அது வயிற்றின் அடிப்பக்கம் இருக்கிறது. ஆணுக்கு முகத்தருகே இருக்கும் உணர்கொம்பு போன்ற உறுப்பின் நுனியில் குமிழாக இருக்கிறது. நுண்ணோக்கி இல்லாமல் பல நேரம் ஆகாது. குட்டிச் சிலந்திக்கு இந்த உறுப்பே முழுதாக வளர்ந்திருக்காது. உலகச் சிலந்திப் பட்டியலில் உள்ள சிற்றினங்களின் எண்ணிக்கை 2022இல் 50,000ஐத் தாண்டியது. அதில் ஒன்றை, மேலிருந்து எடுத்த ஒரு குட்டியின் படத்தைப் பார்த்து, பெயரும் குடும்பமும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்கிறவரைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஈக்களுக்கு முகம் போதாது. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று ஆடுகிற, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட சின்னப் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். நிறையப் பேர் அதைக் குட்டித் தேனீ என்று நினைத்துப் படம் போடுகிறார்கள். அது சிர்ஃபிட் ஈ. தேனீக்கு இறக்கை இரண்டு ஜோடி, ஈக்கு ஒரு ஜோடிதான். உணர்கொம்பும் குட்டையாக இருக்கும். குடும்பம் கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் அதற்குள் எது என்று கேட்டால் இறக்கை நரம்புகள் வேண்டும், முதுகின் பட்டைகள் வேண்டும். முகத்தில் கண்ணின் ஆயிரம் சில்லுகள் மின்னும் படத்தில் இதெல்லாம் பனிமூட்டமாகத்தான் இருக்கும். இந்த ஈக்களில் பலவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்பவை. கால் இல்லாமல் அட்டை மாதிரி ஊர்வதைப் பார்த்து, இலை தின்னும் புழு என்று நசுக்கிவிடுகிறோம்.

பொறிவண்டு இன்னும் நல்ல உதாரணம். புள்ளியை எண்ணிப் பெயர் சொல்லலாம் என்று எல்லோரும் நினைக்கிறோம். நம் தோட்டங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் கைலோமீனஸ் செக்ஸ்மாகுலேட்டா என்ற வண்டின் பெயருக்கே ஆறு புள்ளி என்று அர்த்தம். நேரில் பார்த்தால் முதுகில் வளைந்து வளைந்து ஓடும் கறுப்புக் கோடுகள்தான் பெரும்பாலும் இருக்கும். அது அசுவினி தின்னும் நல்லவன். கத்திரிச் செடியில் வரும் ஹெனோசெபிலாக்னா வண்டும் பொறிவண்டுக் குடும்பம்தான். ஆனால் அது இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று, நரம்பை மட்டும் சல்லடையாக விட்டுவிடும். இரண்டையும் பிரிக்கப் புள்ளியைவிட நல்ல வழி ஒன்று உண்டு. இலை தின்பவனின் முதுகில் மெல்லிய ரோமம் இருக்கும், அதனால் பளபளப்பு இருக்காது. அசுவினி தின்பவன் மெருகு போட்டதுபோல் பளபளப்பான். ஒளியை நன்றாகப் பரப்பிப் பளபளப்பே தெரியாமல் படம் எடுப்பது எங்களுக்குப் பெருமை. அந்தப் பெருமையிலேயே முக்கியமான அடையாளம் போய்விடுகிறது. சரி, அதுவும் தெரியாவிட்டால்? இலையைப் பார்க்கலாம். சல்லடையாக இருந்தால் ஆள் யார் என்று இலையே சொல்லும். அந்த இலையைத்தான் நாம் வெட்டி எறிந்திருப்போம்.

முசுறு எறும்புக்கும் ஒரு ஆள்மாறாட்டக்காரன் உண்டு. மிர்மாப்ளாட்டா என்ற குதிக்கும் சிலந்தி அச்சு அசலாகச் சிவப்பு முசுறு மாதிரியே இருக்கும். முன்கால் இரண்டையும் தூக்கி எறும்பின் உணர்கொம்பு மாதிரி ஆட்டும். ஆண் சிலந்திக்கு முன்னால் நீளமான தாடை இருப்பதால், ஒரு எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். பக்கவாட்டில் எடுத்த ஒரே படத்தில், பாதிக் கால்கள் மங்கியிருந்தால், எட்டா ஆறா என்று எண்ணவே முடியாது. நேரில் இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் போதும். எறும்பு ஒருபோதும் நூல் விட்டுத் தொங்காது, இது தொங்கும்.

கோட்டோவியம் செய்ததும் புகைப்படம் செய்வதும்

டி. பெயின்பிரிக் ஃப்ளெட்சர் என்பவர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய தடித்த புத்தகம் ஒன்றைச் சென்னை அரசு அச்சகம் 1914இல் வெளியிட்டது. விவசாயத்துக்கு முக்கியமான பூச்சிகளை வரிசையாகச் சொல்லி, படங்களும் போட்டிருக்கிறார்கள். அந்த மாதிரிப் பழைய புத்தகங்களின் ஓவியங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஓவியர் ஒரு தனிப் பூச்சியை வரையவில்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்தது எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைக்கிறார். இறக்கையை விரித்துக் காட்டுகிறார். பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டு இதுதான் நிஜ அளவு என்கிறார். கடிபட்ட இலையையும் வரைகிறார். அடையாளம் காண என்ன வேண்டும் என்று யோசித்துச் செய்த வேலை அது.

புகைப்படம் அப்படி யோசிப்பதில்லை. ஒரு உயிர், ஒரு நொடி, ஒரு கோணம். அது குறை என்று நான் சொல்லவில்லை. ஓவியத்துக்கு இல்லாத பலம் அதற்கு இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஆனால் புகைப்படத்தை ஓவியம் மாதிரியே நம்புவது தப்பு.

பெயர் சொல்பவர்கள்

இனி அடுத்த கூட்டம். படம் வந்ததும் பாய்ந்து பெயர் சொல்பவர்கள். ஒரு படத்தைப் பார்த்து "இது ஒரு சிலந்தி" என்றால் நாம் முட்டாள் மாதிரித் தெரிவோமோ என்று ஒரு பயம். "இது ஆக்சியோபிடே குடும்பம்" என்றால் பரவாயில்லை. லத்தீனில் இரண்டு வார்த்தை சொன்னால்தான் நிபுணர். ஆகவே படம் எதுவரை தாங்குமோ அதற்கும் கீழே இறங்கிப் பெயர் சொல்கிறோம். உண்மையில் குடும்பத்தோடு நிற்பதோ பேரினத்தோடு நிற்பதோ தோல்வி கிடையாது. அது ஒரு முழுமையான பதில். "இந்தப் படத்திலிருந்து இதற்கு மேல் போக முடியாது" என்று சொல்ல, எதைப் பார்த்தால் போக முடியும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வார்த்தை சொல்வதைவிட அதற்குத்தான் அதிகப் படிப்பு வேண்டும்.

செயலிகள் இந்த ஆசைக்குத் தீனி போடுகின்றன. படம் பார்த்துப் பெயர் ஊகிக்கும் நிரல், ஏற்கெனவே மக்கள் எடுத்துப் பெயரிட்ட படங்களிலிருந்து கற்றுக்கொண்டது. மக்கள் அதிகம் எடுப்பது எதை? பெரிசாக, அழகாக, அசையாமல் உட்காருவதை. மாவுப்பூச்சிக்கு நடுவில் ஒளிந்திருக்கும் புழுவை யாரும் அவ்வளவாக எடுப்பதில்லை. ஆகவே அது வந்தால் நிரலுக்குத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லும். நிரல் பொய் சொல்லவில்லை, 'இதை மாதிரி இருக்கிறது' என்கிறது. நாம்தான் அதை 'இதுதான்' என்று வாசிக்கிறோம்.

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் முறையைப் பாருங்கள். 2008இல் பெர்க்லியில் மாணவர்கள் தொடங்கியது. இன்று உலகத்தில் பெரிய குடிமக்கள் அறிவியல் தளங்களில் ஒன்று, நானும் மதிப்பது. ஒரு பதிவில் தேதி, இடம், படம் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரு சிற்றினத்தில் ஒத்துப்போனால் அது 'ஆய்வுத் தரம்' ஆகிறது. குறைந்தது இரண்டு பேர் போதும். அந்த இரண்டாவது நபர் தனியாக யோசித்துச் சொன்னாரா, இல்லை முதல் ஆள் சொன்னதைப் பார்த்து ஆமாம் பொத்தானை அழுத்தினாரா? பதிவைப் பார்த்தால் தெரியாது. இரண்டு பேர் ஒத்துப்போவது நல்ல அறிகுறிதான். ஆனால் இரண்டு பேரும் அதே போர்வையைப் பார்த்திருந்தால், ஒத்துப்போனதால் உள்ளே இருக்கும் ஆள் மாறிவிட மாட்டார். நானும் செயலியும் செம்பருத்தி விஷயத்தில் ஒத்துத்தான் போனோம்! அதே தளத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. இதற்கு மேல் பெயரைத் துல்லியமாக்க முடியாது என்று வாக்களித்து, பேரினத்தோடு நிறுத்திக்கொண்டு ஆய்வுத் தரம் பெறலாம். அதை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பது என் அபிப்பிராயம்.

கடைசி வரை போயே ஆக வேண்டிய இடம்

"சரி, மாவுப்பூச்சின்னு தெரிஞ்சா போதாதா, எந்த மாவுப்பூச்சியா இருந்தா என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். பல நேரம் போதும். ஒரு முறை போதவில்லை.

2008இல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி பரவியது. பிறகு மல்பெரி, மரவள்ளி என்று மற்ற பயிர்களுக்கும் போனது. விவசாயிகள் என்னென்னவோ மருந்து அடித்தும் நிற்கவில்லை. பார்வைக்கு எல்லா மாவுப்பூச்சியும் ஒரே வெள்ளைதான். பெண் பூச்சியைக் கண்ணாடிச் சில்லில் பதித்து, நுண்ணோக்கியில் உடம்பிலுள்ள துளைகளையும் குழல்களையும் பார்த்தால்தான் சிற்றினம் தெரியும். அது பாராகோக்கஸ் மார்ஜினேட்டஸ், மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. ஆல்கஹாலில் போட்டு வைத்தால் நீலக் கறுப்பாக மாறிவிடும் என்பது அதற்கு ஒரு அடையாளம். எந்தப் படத்திலும் வராத அடையாளம்.

பெயர் சரியாகத் தெரிந்ததால், அதன் இயற்கை எதிரி யார் என்பதும் தெரிந்தது. 2010இல் புவேர்ட்டோ ரிகோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டன. அதில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்பது நன்றாக ஊன்றிக்கொண்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இராத அந்தக் குளவி வயல்களில் பரவி, மருந்தால் முடியாததைச் செய்து காட்டியது. பெயர் தப்பாகப் போயிருந்தால் தப்பான குளவியைத்தான் கொண்டுவந்திருப்பார்கள். அக்கா வீட்டுச் செம்பருத்தியில் நான் செய்த தப்பு ஒரு செடியோடு போயிற்று. இங்கே போயிருக்கக்கூடியது பலருடைய பிழைப்பு.

அப்படியானால் படமே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. படத்தின் பக்கம் பேச எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. மலேசியாவில் குயெக் ஹாக் பிங் என்ற புகைப்படக்காரர் காட்டில் ஒரு கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் படம் எடுத்து ஃப்ளிக்கரில் போட்டார். இறக்கையடியில் கறுப்பாக விசித்திரமான குறிகள். கலிபோர்னியாவில் இருந்த பூச்சியியலாளர் ஷான் விண்டர்டன் தற்செயலாக அதைப் பார்த்து, இது இதுவரை பெயர் வைக்கப்படாததாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். படம் சந்தேகத்தைக் கிளப்பியது, முடிவு சொல்லவில்லை. எடுத்த பூச்சியோ பறந்து போய்விட்டது. பிறகு அதே பகுதியில் இன்னொன்று கிடைத்து, அதை லண்டன் அருங்காட்சியகத்தில் ஸ்டீபன் ப்ரூக்ஸ் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் 2012இல் செமக்ரைசா ஜேட் என்று பெயர் வைத்தார்கள். கட்டுரை ஆசிரியர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் படம் எடுத்தவர்.

இதற்கு நேர் எதிராக இன்னொன்று. 2015இல் தென்னாப்பிரிக்காவில், மரம் துளைக்கும் கருந்தேனீயைப்போல் தோற்றம் கொண்ட ஒரு ஈயை, உடலைச் சேகரித்து வைக்காமல் படங்களை மட்டும் வைத்துப் புதிய சிற்றினமாக அறிவித்தார்கள். மார்லெயிமியா சைலோகோப்பே என்று பெயர். பெரிய சண்டை வந்தது. படம் மட்டும் போதாது, நாளைக்கு ஒருவர் திரும்பப் பார்க்க உடல் வேண்டும் என்று நூற்றுக்கணக்கான வகைப்பாட்டியலாளர்கள் கையெழுத்திட்டு எழுதினார்கள். கொல்லாமல் பெயரிட முடியாதா என்ற மறுபக்கத்தின் கேள்வியும் நியாயமானதுதான். எனக்கு முதல் கதைதான் சரியான வழி என்று படுகிறது. படம் ஆளைக் காட்டிக்கொடுத்தது, பொறுமையாகத் தேடியது முடிவு சொன்னது.

படத்துக்கே உரிய பலமும் இருக்கிறது. ஆல்கஹாலில் போட்ட சிலந்தியின் பச்சை வெளிறிவிடும். காய்ந்த ஈயின் கண்ணில் இருந்த வண்ணப் பட்டைகள் மறைந்துவிடும். எதைத் தின்றது, எந்தச் செடியில் இருந்தது, எப்படி உட்கார்ந்தது என்பதெல்லாம் ஊசியில் குத்திய உடலில் இருக்காது. கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒவ்வொரு முட்டையையும் ஒரு மெல்லிய காம்பின் நுனியில் வைக்கும். அதை ஒரே படத்தில் தெரிந்துகொள்ளலாம். ஆக, படம் எந்தக் கேள்விக்கு நல்ல சாட்சி என்று தெரிந்து கேட்டால் அது நன்றாகவே பேசும்.

இப்போது நான் செய்வது

என் பழக்கம் கொஞ்சம் மாறியிருக்கிறது. முதலில் தூரத்திலிருந்து செடியோடு ஒரு படம். அப்புறம் இலையோடு. அப்புறம் மேலிருந்து, பக்கத்திலிருந்து, முடிந்தால் கண்ணாடிக் குப்பிக்குள் விட்டு அடியிலிருந்து. பக்கத்தில் ஒரு அளவுகோலோ, நெல்மணியோ. பத்து நொடி வீடியோ. கடைசியில்தான் அழகான முகம். முதல் ஆறும் யாருக்கும் பிடிக்காத படங்கள். ஆனால் பெயர் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பாட்டிலில் போட்டு வளர்த்துப் பார்க்கிறேன்.

பதில் சொல்வதும் மாறியிருக்கிறது. என்ன பெயர் என்பதோடு, எதுவரை உறுதி, எதைப் பார்த்தால் இன்னும் உறுதியாகும் என்று சேர்த்துச் சொல்கிறேன். மருந்து அடிப்பதா என்ற கேள்விக்கு, எதைத் தின்கிறது என்று பார்த்த பிறகே பதில்.

போன வாரம் அக்கா மறுபடி படம் அனுப்பினார். கத்திரி இலையில் ஒரு வண்டு. இந்த முறை வண்டு படத்தில் சின்னதாக இருந்தது. இலை முழுசாக இருந்தது, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமும் வைத்திருந்தார். கீழே வழக்கமான வரி இல்லை. "இலை சல்லடையா இருக்கு தம்பி, முதுகும் மினுங்கல. இது அந்தக் கெட்டவன்தானே?"

ஆமாம் அக்கா, அவன்தான் போலிருக்கிறது என்று பதில் போட்டேன். கையால் பொறுக்கி எடுத்தால் போதும், மருந்து வேண்டாம் என்றும்.